படிக்க ஓர் இடம்

எங்க வீட்டுல டிப்ளமோ வரை வந்த முதல் ஆள் நான்தான். வீடோ ஒரே அறை. உட்கார்ந்து கணக்குப் போட முடியாது. நம்மைப் போன்றோர்க்கு விழுப்புரத்தில் மாவட்ட மைய நூலகமும், திண்டிவனத்தில் கிளை நூலகமும் இருக்கின்றன. "நம்மளை உள்ளே விடுவாங்களா?" என்று தயங்க வேண்டாம். வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்தே வசூலாகிறது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.அரங்கநாதனின் முயற்சியால் 1948-ல் வந்த நூலகச் சட்டம் அது. ஆக, அந்த நாற்காலிக்கு நம்ம அப்பா ஏற்கெனவே காசு கட்டிட்டார்! அங்கேயே உட்கார்ந்து படிக்க உறுப்பினர் அட்டையும் வேண்டாம். கணக்கை அங்கே போடுங்கள். வாய்விட்டுப் படிக்கும் தியரிக்கு விடியற்காலை வீட்டு வாசல். டிராயிங்குக்குக் கல்லூரி டிராயிங் ஹால். கூச்சத்தை விடுங்கள், இடம் நம்முடையது!