இரும்பை நேராக அறுப்பது எப்படி?

இந்த மாதத் தாளில் பேண்ட் சா மிஷினைப் பற்றி எழுதுகிறேன். என் அம்மா கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் இந்த மிஷின்லதான் வேலை செய்யறாங்க. பம்பு மோட்டாருக்கு ஷாஃப்ட் செய்ய, நீள ராடைத் துண்டு துண்டாக அறுத்துக் கொடுக்க வேண்டும். துண்டுக்கு இவ்வளவு என்று கூலி. வெட்டு கோணலாகப் போனால் அந்தத் துண்டு கணக்கில் வராது. அதனால் எங்கள் வீட்டில் சாப்பிடும்போதுகூட இந்த மிஷின் பேச்சுதான்.

மர மில்லில் நீளமான ரிப்பன் ரம்பம் பார்த்திருப்பீர்கள். இதுவும் அதுபோலத்தான், ஆனால் படுத்த மாதிரி இருக்கும். இரண்டு சக்கரங்களின் மேல் பிளேடு பெல்ட் போல ஓடும். ஒரு சக்கரத்தை மோட்டார் சுற்றும், இன்னொன்று சும்மா கூடவே சுற்றும். ராடை வைஸில் இறுக்கி வைத்தால், பிளேடு உள்ள மேல் கை தன் எடையாலேயே மெதுவாகக் கீழே இறங்கி அறுக்கும். எவ்வளவு வேகமாக இறங்கலாம் என்பதை ஒரு ஆயில் சிலிண்டரின் வால்வு கட்டுப்படுத்தும்.

பிளேடு ஒரே இரும்பு என்று நினைக்காதீர்கள். சக்கரத்தில் வளைந்து வளைந்து ஓட வேண்டுமென்றால் ஸ்பிரிங் போல இருக்க வேண்டும். இரும்பை அறுக்க வேண்டுமென்றால் கடினமாக இருக்க வேண்டும். கடினமானது வளைத்தால் ஒடிந்துவிடும். அதனால் முதுகுக்கு ஸ்பிரிங் ஸ்டீல், பல் முனைக்கு ஹைஸ்பீடு ஸ்டீல் என்று இரண்டையும் ஒட்டவைத்துச் செய்கிறார்கள். அதற்குப் பெயர் பைமெட்டல் பிளேடு. விலை அதிகம். பல் உடைந்தால் எல்லோருக்கும் முகம் மாறிவிடும்.

எந்தப் பிளேடு போடுவது? ஒரு அங்குலத்தில் எத்தனை பல் என்று எண்ண வேண்டும். எந்த நேரமும் குறைந்தது 3 பல்லாவது இரும்புக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. 25 மி.மீ. ராடு ஏறக்குறைய ஒரு அங்குலம். அங்குலத்துக்கு 10 பல் பிளேடு போட்டால் நடுவில் சுமார் 10 பல் உள்ளே இருக்கும், நல்லது. அதே பிளேடில் 3 மி.மீ. தடிப்புள்ள பைப்பை அறுத்தால்? பல்லுக்குப் பல் இடைவெளி இரண்டரை மி.மீ. நடுப்பகுதியில் பைப்பின் சுவரில் ஒரு பல்தான் நிற்கும். அந்த ஒரே பல் எல்லா அடியையும் வாங்கிப் பிய்ந்துவிடும். பெரிய ராடுக்கு நெருக்கமான பல் போட்டாலும் தப்பு. தூள் போக இடமில்லாமல் பல் இடுக்கு அடைத்துக்கொள்ளும்.

இனி முக்கியமான விஷயம். ஒருமுறை பட்டறையிலிருந்து போன துண்டுகள் ஒரு மூட்டை திரும்பி வந்துவிட்டன. எல்லாம் சாய்வாக இருந்ததாம். பட்டறைக்காரர் புதுப் பிளேடு வாங்கக் கிளம்பிவிட்டார். அம்மா பல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பிளேடு நல்லாத்தானுங்ணா இருக்குது, கைடைப் பாக்கோணும்" என்று சொன்னாங்களாம். ராடுக்கு இரண்டு பக்கமும் பிளேடைப் பிடித்துக்கொள்ளும் பேரிங் வைத்த கைகளுக்குத்தான் கைடு என்று பெயர். முந்தின ஷிப்டில் பெரிய ராடு அறுத்தவர் ஒரு கைடைத் தூரமாகத் தள்ளி வைத்துவிட்டு அப்படியே போயிருந்தார். நீளமான ஸ்கேலை இரண்டு முனையில் பிடித்து நடுவில் அழுத்திப் பாருங்கள், வளையும். பக்கத்தில் பக்கத்தில் பிடித்தால் வளையாது. பிளேடும் அப்படித்தான். கைடை ராடுக்கு ஒட்டினாற்போல், ஆனால் வைஸில் இடிக்காமல் கொண்டுவந்ததும் வெட்டு நேராகிவிட்டது. திரும்பி வந்த துண்டுகளுக்கு மட்டும் கூலி கிடைக்கவில்லை. தப்பு யாருடையது, நஷ்டம் யாருக்கு என்று எனக்கு இன்னும் கோபம்தான்.

கைடு சரியாக இருந்தும் கோணலாகப் போனால் டென்ஷனைப் பார்க்க வேண்டும். தளர்ந்த பிளேடு அலையும். ரொம்ப இறுக்கினால் வெல்டு போட்ட இடத்தில் அறுந்துவிடும். பிறகு மெயினை அணைத்துவிட்டு, மூலைமட்டத்தை வைஸ் மேடையில் நிறுத்திப் பிளேடின் தட்டையான பக்கத்தில் சேர்த்துப் பார்க்க வேண்டும். பல் இரண்டு பக்கமும் வளைந்திருப்பதால் பல்லில் படக்கூடாது.

இன்னொரு சோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது. ராடை ஒருமுறை அறுத்து, அதே ராடை 180 டிகிரி திருப்பி, 10 மி.மீ. வில்லை ஒன்று அறுக்க வேண்டும். வில்லையை வெர்னியரில் அளந்தால் மேலே 10.4, கீழே 10.0 என்று வந்தால் வித்தியாசம் 0.4. ஆனால் உண்மையான சாய்வு அதில் பாதி, 0.2தான். திருப்பியதால் இரண்டு முகமும் எதிரெதிராகச் சாய்ந்து இரட்டிப்பாகக் காட்டுகிறது. மேலும் கீழும் வித்தியாசம் என்றால் கைடு. முன்னும் பின்னும் வித்தியாசம் என்றால் வைஸ் பிளேடுக்குச் செங்குத்தாக இல்லை.

தூளைப் பார்த்தே அம்மா சொல்லிடுவாங்க. வெள்ளியாகச் சுருண்டு விழுந்தால் சரி. மாவு போல விழுந்தால் பிளேடு அறுக்காமல் தேய்க்கிறது, கொஞ்சம் வேகமாக இறக்க வேண்டும். நீலமாகக் கருகி வந்தால் அழுத்தம் அதிகம்.

புதுப் பிளேடை முதலில் மெதுவாகத்தான் இறக்க வேண்டும், ஏறக்குறைய பாதி அழுத்தம். கத்தி போன்ற முனை லேசாகத் தேய்ந்து உறுதியாகும்வரை அப்படி. பழைய பிளேடு பாதியில் போய்விட்டால், அதே வெட்டில் புதுப் பிளேடை விடக்கூடாது. தேய்ந்த பல்லின் வெட்டு குறுகலாக இருக்கும், புதுசு மாட்டிக்கொள்ளும். ராடைத் திருப்பி வேறு பக்கம் தொடங்க வேண்டும்.

பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் கம்பி பிரஷ் தேய்ந்தால் உடனே மாற்ற வேண்டும். கூலன்ட் கலக்கும்போது தண்ணீரில்தான் ஆயிலை ஊற்ற வேண்டும், ஆயிலில் தண்ணீரை ஊற்றினால் சரியாகக் கலக்காது. லீவு நாளுக்கு முன் பிளேடு டென்ஷனைத் தளர்த்திவிட்டுப் போக வேண்டும்.

ஓடும் பிளேடு பக்கத்தில் கையுறை போடக்கூடாது, பல்லில் மாட்டினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். அம்மா முந்தானையைச் செருகி, மேலே காக்கிச் சட்டை போட்டுக்கிட்டுத்தான் நிற்பாங்க.

வேகம் பார்க்க ஒரு வழி: அணைத்திருக்கும்போது பிளேடில் சாக்பீஸ் கோடு போட்டு, ராடு இல்லாமல் ஓடவிட்டுத் தள்ளி நின்று எண்ணுங்கள். பிளேடு நீளம் 3 மீட்டர், நிமிஷத்துக்கு 22 தடவை கோடு வந்தால் 66 மீட்டர். சாதா இரும்புக்கு இது ஒத்துவரும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு ஏறக்குறைய பாதிதான்.

உங்களுக்கு ஒரு கணக்கு: இரண்டு சக்கரத்துக்கும் விட்டம் 35 செ.மீ., இரண்டு மையத்துக்கும் நடுவில் 95 செ.மீ. பிளேடு நீளம் எவ்வளவு? பை மதிப்பு 22/7. விடை இந்தக் கட்டுரைக்குள்ளேயே இருக்கிறது, ஆனால் போட்டுப் பார்த்துவிட்டுத் தேடுங்கள்.