காரியசித்திக்கு ஏதுவாகிய பழக்கங்கள்

மாணாக்கரொருவர் கல்வியிலே தேர்ச்சி பெற்றால், கண்டோர் "பிறவியிலேயே புத்திமான்" என்பர். தேர்ச்சி பெறாதவரைக் கண்டால் "தலையெழுத்து அவ்வளவே" என்பர். இவ்விரு கூற்றும் ஒரே மயக்கத்திற் பிறந்தனவாம். முன்னது முயற்சியை மறைக்கின்றது. பின்னது முயற்சியைத் தடுக்கின்றது. ஆதலின், ஆசிரியராயினார் இவற்றுள் எதனையும் மாணாக்கர் செவிப்படச் சொல்லலாகாது. சித்தி எனப்படுவது, எடுத்துக்கொண்ட நற்கருமத்தை இடையிலே கைவிடாது முடிவுவரை கொண்டு செலுத்துதலாம். அதற்கு அறிவுக் கூர்மை உதவும் என்பதை மறுக்கின்றேமல்லேம். ஆயினும், கூர்மையுடையார் பலர் தொடங்கியதை முடியாது விட்டமையையும், கூர்மை குறைந்தார் சிலர் நாடோறும் சிறிது சிறிதாக முயன்று முடித்தமையையும் வகுப்பறையிலே பல்லாண்டு நின்றார் யாவரும் கண்டிருப்பர்.

இங்கே ஒரு தடை நிகழும். இன்ப துன்பங்கள் வினைக்கீடாக வருவனவென்று நம் சமயங் கூறுமாயின், முயற்சியாற் பயன் என்னை என்று மேல்வகுப்பு மாணாக்கர் வினாவுவதுண்டு. விடை கூறாது அவரை அதட்டி இருத்துதல் ஆசிரியருக்கு அழகன்று. முற்பிறப்புக்களில் ஈட்டப்பட்டவற்றுள் இப்பிறப்பிலே நுகர்ச்சிக்கு வந்த வினை பிராரத்தம் எனப்படும். இப்பிறப்பிலே செய்யப்படும் வினை ஆகாமியம் எனப்படும். புத்தகத்தை எடுத்துப் படித்தலும், எடாது திண்ணையிலே படுத்திருத்தலும் இப்பொழுது செய்யப்படுவன. ஆதலின் அவற்றின் பொறுப்பு இப்பொழுது செய்பவனையே சாரும். அன்றியும், தனக்கமைந்த பிராரத்தம் இன்னதென முன்னரே அறியும் வன்மை நம்மனோர்க்கில்லை. அறியாத ஒன்றைச் சான்றாகக் காட்டிச் சோம்பியிருத்தல், திறவாத ஓலையிலே தனக்குச் சாதகமான தீர்ப்பு எழுதியிருக்கின்றதென்று வாதிப்பவன் செய்கையை ஒக்கும்.

திருவள்ளுவநாயனார் அறத்துப்பாலின் இறுதியிலே ஊழ் என்னும் அதிகாரத்தை வைத்தார். பின்னர்ப் பொருட்பாலிலே ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை என்னும் அதிகாரங்களை 60 முதல் 63 வரை அடுத்தடுத்து நிறுத்தினார். ஊழை உடன்பட்ட ஒருவரே முயற்சியை இத்துணை விரித்துரைத்தமை கருதத்தக்கது. மேலும், 66ஆம் அதிகாரம் வினைத்தூய்மை. 67ஆம் அதிகாரம் வினைத்திட்பம். தூய்மை முன்னும் திட்பம் பின்னுமாக நிற்றலைக் காண்க. பரீட்சை மண்டபத்திலே அயலான் விடையைப் பார்த்தெழுதித் தேறியவனும் ஒருவகையில் மனவுறுதி யுடையவனே. அவனைச் சித்தி பெற்றவனென்று நாம் கொள்ளோம்.

இனி, இப்பழக்கங்கள் ஒருவர் வாழ்க்கையிலே எவ்வாறு தொழிற்பட்டன என்று பார்த்தல் நலம். நமக்கு அணித்தாயுள்ளவர் நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள். 1822ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 18ஆந் தேதி பிறந்து, 1879ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 5ஆந் தேதி சிவபதமடைந்தார்கள். ஐம்பத்தேழு ஆண்டு நிரம்பாத வாழ்நாள். அவர்களைப்பற்றி மாணாக்கருக்குச் சொல்லும்பொழுது, இளமையிலே தந்தையார் குறையாக விட்ட நாடகத்தைப் பாடி முடித்தார்கள் என்னுங் கதையை விரும்பிச் சொல்லுகின்றோம். அக்கதையைக் கேட்ட பிள்ளை வியக்கும். வியந்தபின், "இது நம்மாலாவதன்று" என்று தன்னளவிலே முடிவுகட்டும். நாவலரவர்களுடைய மற்றைய நாட்களைச் சொல்லுவதே பிள்ளைக்குப் பயன்படும் என்பது எம் கருத்து.

அவர்கள் வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே ஆசிரியராயிருந்தார்கள். பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலியத்தைத் தமிழில் மொழிபெயர்க்கும் வேலையிலே துணையாகவும் இருந்தார்கள். அவ்வேலைக்கிடையிலும் சைவப் பிள்ளைகளுக்கு வேதனமின்றிக் கற்பித்தார்கள். 1847ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 31ஆந் தேதி வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிலே முதற் பிரசங்கஞ் செய்தார்கள். அது ஒருநாள் உற்சாகமாக முடிந்ததன்று. தம் நண்பர் கார்த்திகேய ஐயரோடு வெள்ளிக்கிழமைதோறும் அதனைத் தொடர்ந்து நடத்தினார்கள். முதற்பிரசங்கத்திற்குக் கூட்டஞ் சேர்தல் அரிதன்று. புதுமை காண யாவரும் வருவர். மழையுள்ள வெள்ளிக்கிழமையிலே, கேட்போர் சிலராயிருக்கவும், அதே ஆயத்தத்தோடு நின்று பேசுதற்கன்றோ பழக்கம் வேண்டும்! 1848ஆம் ஆண்டிலே தமக்குச் சம்பளந்தந்த மிஷன் உத்தியோகத்தை விட்டு, வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார்கள்.

பாடசாலை உண்டாயிற்று, பிள்ளைகள் கையிற் கொடுக்கச் சைவநெறிக்கேற்ற புத்தகம் இல்லை. இக்குறையை நினைந்து வருந்தினார் அக்காலத்திற் பலர் இருந்திருப்பர். நாவலரவர்கள் 1849ஆம் ஆண்டிலே தம் மாணாக்கர் சதாசிவபிள்ளையோடு இந்தியாவுக்குச் சென்று, திருவாவடுதுறை ஆதீனத்தாரால் நாவலர் என்னும் பட்டம் பெற்று, சென்னையிலே அச்சியந்திரம் வாங்கிக்கொண்டு மீண்டார்கள். பட்டத்தைச் சொல்லுபவர்கள் யந்திரத்தை மறந்துவிடுகின்றார்கள். பின்னர்ப் பாலபாடங்களும், சைவவினாவிடைகளும், இலக்கணச் சுருக்கமும், பெரியபுராண வசனமும் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. பெருநூலுக்கு உரைகாணும் வன்மையுடைய ஒருவர், எழுத்துக்கூட்டிப் படிக்குஞ் சிறுவனுக்காகச் சிறிய வாக்கியங்களை அமைத்துக்கொண்டிருந்தார். சிறுவேலையை இழிவென்று தள்ளாமை காரியசித்திக்கு இன்றியமையாத குணங்களுள் ஒன்றாம். முதலாம் வகுப்பைக் கற்பித்தலைத் தண்டனையாக எண்ணும் ஆசிரியர் இதனைச் சிறிது சிந்திப்பாராக.

எனினும், நாவலரவர்களுடைய பழக்கங்களுள் யாம் தலையாயதாகக் கொள்வது பிழைபார்த்தலே. இதன் அருமை, அக்காலத்து ஏடுகளின் இயல்பை அறிந்தார்க்கே விளங்கும். பனையோலையிலே எழுதுவோர் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடார். எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வேறுபடுத்தி எழுதார். ரகரத்துக்கும் காலுக்கும் பெரும்பாலும் ஒரே வடிவம். ஏட்டிலே 'கொல' என்று காணப்படும் இரண்டெழுத்தை, கொல, கொல், கோல, கோல் என நான்கு விதமாகப் படிக்க இடமுண்டு. இவற்றுள் எது நூலாசிரியர் கருதியது என்பதை, முன்பின் இயைபும், யாப்பும், இலக்கணமும், வேறு பிரதிகளும் நோக்கியே துணிதல் வேண்டும். துணிந்தபின்னும் வேலை முடியாது. அச்சுக்கோப்போர் எழுத்துக்களை ஒவ்வொன்றாகக் கையாற் கோப்பர். கோத்ததிலே மைதடவி ஒரு தாள் எடுத்து, மூலத்தோடு ஒப்புநோக்கி, பிழையெழுத்தைப் பிடுங்கி நல்லெழுத்தைப் புகுத்துதல் வேண்டும். அதன்பின் மறுபடியும் ஒரு தாள் எடுத்துப் பார்த்தல் வேண்டும். ஓரிடத்தைத் திருத்தும்பொழுது அயலெழுத்து இடம்பெயர்தலும் உண்டு. 1860ஆம் ஆண்டிலே திருக்கோவையாரும், 1861ஆம் ஆண்டிலே திருக்குறட் பரிமேலழகருரையும் நாவலரவர்களாற் பதிப்பிக்கப்பட்டன. நாவலர் பதிப்பு என்றாற் பிழையற்ற பதிப்பு என்று ஈழநாட்டவரும் தென்னாட்டவரும் ஒருங்கே மதித்தனர். அம்மதிப்பு, தாம் செய்ததைத் தாமே ஐயுற்று மீளப் பார்க்கும் பழக்கத்தால் வந்தது. புலமை எத்துணை இருந்தும் இப்பழக்கம் இல்லாதார் பதிப்பித்த நூல்களை நாம் அறிவோம், பெயர் கூறவேண்டுவதில்லை.

இப்பழக்கம் ஒருவரிடத்திருந்து மற்றொருவருக்குச் செல்லும் என்பதற்குச் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையவர்களே சான்று. 1857ஆம் ஆண்டிலே சென்னைச் சர்வகலாசாலையிற் பி. ஏ. பட்டம் பெற்ற முதல்வருள் ஒருவராகிய அவர்கள், இராசாங்க உத்தியோகத்தில் இருந்துகொண்டே ஏடுகளைத் தேடினார்கள். 1868ஆம் ஆண்டிலே அவர்கள் வெளியிட்ட தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையம் நாவலரவர்களாற் பரிசோதிக்கப்பட்டது. அதன்பின் வீரசோழியம், கலித்தொகை முதலியன அவர்கள் முயற்சியால் அச்சேறின. சேனாவரையத்துக்கும் கலித்தொகைக்கும் இடையே கழிந்த காலம் பத்தொன்பது ஆண்டு. ஓய்வுநேரம் எங்கே என்று கேட்கும் ஆசிரியர்கள் இவ்வெண்ணை நினைவில் வைத்தல் நன்று.

பெரியோரைப் புகழ்ந்து எழுதும்பொழுது குறைகளை மறைத்தல் நம்மவர் வழக்கம். அது மாணாக்கருக்கு நன்மை செய்வதன்று. நாவலரவர்கள் கண்டனங்களிலே வழங்கிய சொற்கள் சிலபோது மிகக் கடியன. அவர்களுடைய சாதியாசாரக் கொள்கையை இன்றைய சைவப் பாடசாலை கைக்கொள்ளுதலும் கூடாது. பழக்கத்தின் உரத்தைக் கற்றுக்கொள்வோர் எல்லாவற்றையும் பின்பற்றக் கடமைப்பட்டவரல்லர். மேலும், அவர்கள் தொடங்கியன யாவும் அவர்கள் காலத்தில் நிறைவேறவில்லை. சைவப் பிள்ளைகள் தம் சமயத்தை விடாது ஆங்கிலங் கற்றல்வேண்டுமென்று 1872ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையில் ஒரு சைவாங்கில வித்தியாசாலையைத் தொடங்கினார்கள். பொருள்முட்டுப்பாட்டால் அது நான்காண்டளவிலே நின்றது. விடாமுயற்சியும், காலந்தவறாமையும், தன்னலமின்மையும் ஒருங்கே யுடையார் செய்த காரியம் நின்றுவிட்டது. இதற்கு என் சொல்வது?

முயன்றாற் பயன் உடனே கைகூடும் என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுக்கும் ஆசிரியர், இவ்விடத்திலே விடையின்றி நிற்பர். யாம் காண்பது இது: ஒருவருடைய தோளிலே மாத்திரம் நின்ற காரியம் அத்தோள் தளர்ந்தபொழுது தளர்ந்தது. 1888ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்திற் சைவபரிபாலன சபை தாபிக்கப்பட்டது. அச்சபையின் ஆதரவிலே 1890ஆம் ஆண்டில் நடைபெறலாயிற்று இந்து உயர்தரப் பாடசாலை. அதுவே யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாயிற்று. நாவலரவர்கள் கருதியது, அவர்கள் சிவபதமடைந்து பதினோராண்டின் பின், பலர் கூடிச் சுமந்தமையால் நிலைபெற்றது. தன் வேலையைப் பிறர் அறியும்படி செய்தலும், பிறரோடு பங்கிட்டுச் செய்தலும், தான் இல்லாதவிடத்தும் நடக்கும்படி ஒழுங்குபடுத்தி வைத்தலும் காரியசித்திக்கு ஏதுவாகிய பழக்கங்களே. "நான் இல்லாவிட்டால் இப்பள்ளிக்கூடம் நடவாது" என்று பெருமிதத்தோடு சொல்லும் தலைமையாசிரியர், தம் குறையையே சொல்லுகின்றார்.

இஃது ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சைக்குத் தோற்றும் சிறுவர் விஷயத்திலே மிகவும் வேண்டப்படுவது. வெட்டுப்புள்ளிக்கு இரண்டு புள்ளி குறைந்த பத்து வயதுப் பிள்ளையை, அன்று வீட்டாரும் பாடசாலையாரும் நோக்கும் நோக்கை நினைமின். அப்பிள்ளை ஓராண்டு வைகறையில் எழுந்தது பொய்யா? எழுதியதும் திருத்தியதும் பொய்யா? பெறுபேறு வந்த மறுநாள் அப்பிள்ளையை அழைத்து, "நீ எழுந்து படித்த பழக்கம் உன்னிடத்தில் இருக்கின்றது; அதனை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை" என்று சொல்லுதற்கு ஆசிரியர் ஒருவராவது இருத்தல் வேண்டும்.

பழக்கத்தை உபதேசத்தால் உண்டாக்கல் அரிது. செயலால் உண்டாக்கலாம். யாம் முன்னர்க் கட்டுரைக் கொப்பிகளைச் சிவப்பு மையால் வரிக்கு வரி திருத்திக் கொடுப்போம். இராத்தூக்கம் கெடும். மறுவாரம் அதே பிழை அதே இடத்தில் வரும். மாணாக்கர் புள்ளியைப் பார்த்துக் கொப்பியை மூடிவிடுகின்றனர் என்பதை நெடுங்காலஞ் சென்றே அறிந்தோம். பிழைபார்க்கும் பழக்கம் எமக்கு உண்டாயிற்றேயன்றி அவர்களுக்கு உண்டாகவில்லை. அதன்பின் முறையை மாற்றினோம். பிழையுள்ள வரியின் ஓரத்திலே ஒரு கோடு மாத்திரம் இடுவோம்; பிழை இன்னதென்று சொல்லோம். மாணாக்கர் அதனைத் தாமே கண்டு திருத்தி, அவ்வாக்கியத்தை மீள எழுதியபின்னரே புள்ளி கொடுப்போம். முதன்மாதம் முறுமுறுப்பு மிகுதியாயிருந்தது. கட்டுரைகளின் தொகையையும் பாதியாகக் குறைக்க நேர்ந்தது. பாடத்திட்டம் முடியாதென்று மேலாளர் வினாவினர். மூன்றாம் மாதத்திலே, சிலர் கொப்பியைத் தருமுன் தாமே அடித்துத் திருத்தியிருந்தமையைக் கண்டோம்.

அவ்வாண்டின் இறுதித் தவணையிலே, வகுப்பிற் கடைசி வாங்கில் இருக்கும் ஒருவர், அதுவரை வாய்திறவாதவர், எழுந்து நின்று கரும்பலகையில் யாம் எழுதிய ஒரு சொல்லைச் சுட்டிக்காட்டினார். மிகவேண்டாத இடத்தில் ஒற்று மிக்கிருந்தது. அழித்துத் திருத்தினோம்.