கலத்தோடு ஆழ்ந்த தலைவர்

கல்வராயன் மலையில் தோன்றும் கோமுகி ஆறு கள்ளக்குறிச்சி வயல்களை வளமாக்கிப் பின் வெள்ளாற்றின் வழியே கடலை அடைகின்றது. மலைநாட்டு மாணவர்க்குக் கடல் சேய்மையில் உள்ளது. ஆயினும் கடற்காவலரின் காவல் அவர்க்கும் உரியதே. அத்தகைய காவலருள் ஒருவர் மகேந்திரநாத் முல்லா.

1926ஆம் ஆண்டில் கோரக்பூரில் பிறந்த அவர், இராணா என்னும் நாசகாரிக் கப்பலை நடத்தியவர். பின்னர்க் குக்ரி என்னும் போர்க்கப்பலின் தலைவரானார். நீர்மூழ்கிகளைத் தேடி அழிப்பது அக்கலத்தின் பணி. 1971ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் பாகிஸ்தானுடன் போர் மூண்டது. 9ஆம் நாள் இரவு, டையூவுக்கு அப்பால் அரபிக்கடலில் பகைவரின் நீர்மூழ்கியைத் தேடிச் சென்ற குக்ரியை, அந்நீர்மூழ்கி ஏவிய டார்ப்பிடோ பிளந்தது.

கலம் விரைந்து மூழ்கலாயிற்று. முல்லா தம் உயிரைப் பொருட்படுத்தினாரல்லர். மாலுமிகளை வெளியேறுமாறு பணித்தார். தம் உயிர்காப்புக் கருவியை ஒரு மாலுமிக்கு ஈந்தார். எஞ்சியோரைக் காக்கும் வழி தேடிக் கட்டளை மேடைக்கு மீண்டார். கலத்தோடு அவரும் ஆழ்ந்தார். அன்று மாண்டோர் 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் ஆவர். பலர் உயிர் பிழைத்தனர்.

அரசு அவர் மறைவுக்குப்பின் மகாவீர் சக்கர விருதளித்துப் போற்றியது. டையூவில் குக்ரியின் நினைவுச் சின்னம் இன்றும் கடலை நோக்கி நிற்கின்றது. சிறப்பில் முதல்வராக நிற்பவர், இடர் வருங்கால் இறுதியாக வெளியேறக் கடமைப்பட்டவர் என்பதே அவர் வாழ்வு உணர்த்தும் பாடமாகும்.