முப்பதாவது கிலோமீட்டரில் ஒரு சுவர்

மாரத்தான் ஓட்டத்தின் தூரம் 42.195 கிலோமீட்டர். உங்கள் பள்ளி மைதானத்தில் 400 மீட்டர் ஓட்டப்பாதை இருக்குமானால், அதை ஏறத்தாழ நூற்றைந்தரை முறை சுற்றிவர வேண்டும். முன்பெல்லாம் தேர்ந்த வீரர்களுக்கே உரியதாயிருந்த இந்த ஓட்டத்தை இன்று அலுவலகம் செல்வோரும், ஆசிரியர்களும், இல்லத்தரசிகளும் ஓடுகிறார்கள். உங்கள் சித்தப்பாவோ, பக்கத்து வீட்டு அக்காவோ கூட விடியற்காலையில் எழுந்து பயிற்சி செய்துகொண்டிருக்கலாம்.

ஓடி முடித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். "முப்பது கிலோமீட்டர் வரை சிட்டாய்ப் பறந்தேன். அதற்கு மேல் எதிரே யாரோ சுவர் எழுப்பிவிட்டது போல் ஆகிவிட்டது" என்று பலர் சொல்வார்கள். கால்கள் இரும்பாய்க் கனக்கும், தலை கிறுகிறுக்கும், ஓட்டம் நடையாகும். "எனக்கு மன உறுதி போதவில்லை" என்று வருந்துவோரும் உண்டு. ஆனால் இந்தச் சுவரை எழுப்புவதில் மனத்தைவிடக் கணக்குக்கே பங்கு அதிகம். அந்தக் கணக்கை நாமும் போட்டுப் பார்ப்போமா?

வரவும் செலவும்

ஒருவர் ஒரு கிலோமீட்டர் ஓடும்போது, அவருடைய எடையில் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் ஏறத்தாழ ஒரு கிலோகலோரி ஆற்றல் செலவாகிறது. 60 கிலோகிராம் எடையுள்ளவர் மாரத்தானை முடிக்க 60 × 42, அதாவது சுமார் 2,500 கிலோகலோரி வேண்டும். இது செலவு.

இனி வரவைப் பார்ப்போம். நாம் உண்ணும் சோறும் இட்லியும் செரித்துக் குளுக்கோஸ் என்னும் சர்க்கரையாகின்றன. அதில் ஒரு பகுதியை உடல் கிளைக்கோஜன் என்ற பொருளாக மாற்றிச் சேமித்து வைக்கிறது. கல்லீரலில் சுமார் 100 கிராமும், தசைகளில் சுமார் 400 கிராமும் இருக்கும். ஒரு கிராமுக்கு 4 கிலோகலோரி வீதம் மொத்தம் 2,000 கிலோகலோரி. செலவோ 2,500. ஆகவே 500 கிலோகலோரி துண்டு விழுகிறது!

இன்னொரு சிக்கலும் உண்டு. தசை தன் கிளைக்கோஜனைக் குளுக்கோஸாக்கி இரத்தத்தில் விட இயலாது. கல்லீரலால்தான் அது முடியும். எனவே கைத் தசைகளில் உள்ள சேமிப்பு, களைத்துப்போன கால் தசைகளுக்கு நேரே உதவாது.

வைக்கோலும் உமியும்

"உடலில் கொழுப்பு இருக்கிறதே?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. ஒல்லியானவர் உடலிலும் சில கிலோகிராம் கொழுப்பு இருக்கும். 9 கிலோகிராம் கொழுப்பிலிருந்து 60,000 கிலோகலோரிக்கு மேல் கிடைக்கும். இருபது மாரத்தான்களுக்கும் அது போதும். அப்படியிருக்க, ஓடுபவர் ஏன் தளர்கிறார்?

வைக்கோலும் உமியும் எரிவதைப் பார்த்திருப்பீர்கள். வைக்கோல் சடசடவென்று எரிந்து உடனே வெப்பம் தரும். உமி நெடுநேரம் கனன்றுகொண்டே இருக்கும். அதை அவசரப்படுத்த முடியாது. உடலில் சர்க்கரை வைக்கோலைப் போன்றது. கொழுப்பு உமியைப் போன்றது. அதே அளவு ஆக்சிஜனைக் கொண்டு, கொழுப்பைவிடச் சர்க்கரையிலிருந்து சற்று அதிக ஆற்றல் கிடைக்கிறது, வேகமாகவும் கிடைக்கிறது.

எந்நேரமும் உடல் இரண்டையும் கலந்தே எரிக்கிறது. மெதுவாக ஓடினால் கலவையில் கொழுப்பின் பங்கு கூடும். வேகம் கூடக்கூடச் சர்க்கரையின் பங்கு கூடும். தொடக்கத்திலேயே விரைந்து ஓடுபவர் தம் சிறிய சேமிப்பை முதல் பாதியிலேயே கரைத்துவிடுகிறார். அது தீர்ந்ததும் கொழுப்பு தரக்கூடிய வேகத்துக்கு அவர் இறங்கித்தான் ஆகவேண்டும். கல்லீரலின் சேமிப்பும் குறைந்தால் இரத்தத்தில் சர்க்கரை தாழும். மூளைக்கு முக்கிய எரிபொருள் இரத்தத்திலுள்ள குளுக்கோஸ்தான். அதனால்தான் கால் தளர்வதோடு கண்ணும் இருள்கிறது.

பாஸ்டனில் ஒரு சோதனை

இதை முதலில் ஆராய்ந்தவர்களுள் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர்கள் குறிப்பிடத்தக்கவர்கள். அங்கு நடந்த மாரத்தானில் ஓடி முடித்தவர்களின் இரத்தத்தை அவர்கள் சோதித்தார்கள். 1924-ல் வெளியான அவர்களது ஆய்வு, சோர்ந்து வெளிறிப்போன பலருக்கு இரத்தச் சர்க்கரை மிகவும் குறைந்திருந்ததைக் காட்டியது. அப்போது இன்சுலின் மருந்து வழக்கத்துக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. இன்சுலின் அளவு மீறும்போது தோன்றும் அறிகுறிகளே இந்த ஓட்டக்காரர்களிடமும் தெரிந்தன.

அடுத்த ஆண்டுப் போட்டியில் சிலருக்கு முன்கூட்டியே மாவுப்பொருள் மிகுந்த உணவு கொடுத்து, ஓடும்போது மிட்டாய் தின்னவும் செய்தார்கள். இம்முறை அவர்களுடைய இரத்தச் சர்க்கரை அவ்வாறு தாழவில்லை, ஓட்டமும் மேம்பட்டது. ஒரு மிட்டாய்த் துண்டு எவ்வளவு பெரிய உண்மையைக் காட்டிவிட்டது, பாருங்கள்!

ஒரு சைக்கிள், இரண்டு விஞ்ஞானிகள்

1966-ல் சுவீடனைச் சேர்ந்த பெர்க்ஸ்ட்ரோம், ஹுல்ட்மன் என்னும் இரு விஞ்ஞானிகள் தங்கள் உடலிலேயே ஒரு சோதனை செய்தார்கள். ஒரே சைக்கிளின் இருபுறமும் அமர்ந்து, ஆளுக்கு ஒரு காலால் மட்டும் மிதித்தார்கள். மற்றக் கால் ஓய்வாக இருந்தது. களைத்துப்போனபின், ஊசியால் இரு கால்களிலிருந்தும் சிறு தசைத் துணுக்குகளை எடுத்துச் சோதித்தார்கள். மிதித்த காலில் கிளைக்கோஜன் ஏறக்குறையத் தீர்ந்திருந்தது. ஓய்ந்த காலில் அப்படியே இருந்தது.

பிறகு மூன்று நாள் மாவுப்பொருள் மிகுந்த உணவு உண்டார்கள். உழைத்த காலின் கிளைக்கோஜன், ஓய்ந்த காலில் இருந்ததைப்போல் ஏறத்தாழ இரு மடங்காயிற்று! உழைத்த தசையே மிகுதியாகச் சேமிக்கிறது. பயிற்சியும் உணவும் சேர்ந்தால் சேமிப்புக் கிடங்கு பெரிதாகும் என்பது இதனால் விளங்கியது.

உங்கள் சித்தப்பாவுக்குச் சொல்லுங்கள்

1. தொடக்கத்தில் விரையக்கூடாது. 2023-ல் சிக்காகோவில் கென்யாவின் கெல்வின் கிப்டம் 2 மணி 35 விநாடிகளில் ஓடி, அதற்கு முந்தைய உலக சாதனையை முறியடித்தார். முதல் பாதிக்கு அவர் எடுத்துக்கொண்டது 60 நிமிடம் 48 விநாடி. இரண்டாம் பாதிக்கு 59 நிமிடம் 47 விநாடி. சாதனை வீரரே முதற்பாதியில் அடக்கி ஓடினார் என்றால், மற்றவர்கள் எவ்வளவு நிதானமாகத் தொடங்க வேண்டும்! புதியவர்களுக்கு எளிய அளவுகோல் ஒன்று உண்டு: ஓடிக்கொண்டே முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் வேகம் சரி.

2. பசிக்குமுன் உண்ண வேண்டும். நீண்ட ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுப்பொருள் போதும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறத்தாழ 25 கிராம் இருக்கிறது. மணிக்கு 40 கிராம் வீதம் நான்கு மணி நேரத்தில் உண்டால் 640 கிலோகலோரி. நாம் கண்ட துண்டு அதில் அடைபடுகிறது அல்லவா? ஆனால் பயிற்சி நாட்களிலேயே உண்டு வயிற்றைப் பழக்கியிருக்க வேண்டும்.

3. நீரும் அளவோடுதான். தாகத்துக்குத் தக்கபடி குடித்தால் போதும். 2002-ம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் 488 பேருடைய இரத்தத்தைச் சோதித்ததில், நூற்றுக்கு 13 பேருக்குச் சோடியம் இருக்கவேண்டிய அளவைவிடக் குறைந்திருந்தது. அளவு மீறி நீர் குடித்ததே இதற்கு முக்கியக் காரணம். இந்நிலை முற்றினால் உயிருக்கே ஆபத்து.

4. மார்பு வலித்தாலோ, தலை சுற்றினாலோ, நினைவு தடுமாறினாலோ உடனே நின்று மருத்துவ உதவி பெற வேண்டும். வைராக்கியத்தைச் சோதித்துப் பார்க்கும் நேரம் அதுவல்ல.

நீங்களும் செய்து பாருங்கள்

முழு மாரத்தான் உங்களுக்கு உரியதன்று. 18 வயது நிறைந்தவர்களையே பல போட்டிகளில் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆனால் உடற்பயிற்சி ஆசிரியரின் மேற்பார்வையில் 400 மீட்டர் பாதையில் நான்கு சுற்று ஓடலாம். ஒரு நாள் முதல் சுற்றை விரைவாக ஓடித் தொடங்குங்கள். இரண்டு நாள் கழித்து நான்கு சுற்றையும் ஒரே சீராக ஓடுங்கள். ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் நண்பர் ஒருவர் குறித்துக்கொள்ளட்டும். இந்தச் சிறு தூரத்தில் கிளைக்கோஜன் தீர்ந்துவிடாது. இங்கே களைப்புக்குக் காரணம் வேறு. ஆயினும் எந்த நாளில் மொத்த நேரம் குறைந்தது, எந்த நாளில் நான்காம் சுற்று எளிதாக இருந்தது என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிறகு உங்கள் எடையை 42 ஆல் பெருக்கி, உங்களுக்குரிய செலவுக் கணக்கையும் எழுதுங்கள். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள். என்றாவது ஒரு நாள் முப்பதாவது கிலோமீட்டரை நீங்களும் கடக்க நேரிடலாம். அங்கே சுவர் இருக்குமா, வெறும் சாலைதான் இருக்குமா என்பது பெரும்பாலும் முதல் சில கிலோமீட்டர்களிலேயே முடிவாகிவிடும்.