சாப்லிப் பனியும் ஹட்டன் காற்றும்

அன்பு மருமகளுக்கு,

ஹோட்டல் ஸ்கூலில் ஷார்டொனே வைனைப் பற்றிப் பாடம் நடந்தது என்றும், குளிர்நாட்டில் விளையும் திராட்சைக்கு ஏன் அவ்வளவு மதிப்பு என்று கேட்டபோது வகுப்பே பேசாமல் இருந்தது என்றும் எழுதியிருந்தாய். குளிர்மலைத் தேயிலை விளையும் டிக்கோயாவில் பிறந்த பிள்ளை நீ. அந்தக் கேள்விக்கு மற்ற எவரையும்விட உன்னால் நன்றாகப் பதில் சொல்ல முடியும். கொழுந்தைத் தேயிலையாக்கும் ஸ்டோரில் டீமேக்கராக இருந்தவன் என்ற உரிமையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பிரான்சில் பர்கண்டிப் பகுதியின் வடகோடியில் சாப்லி என்று ஓர் ஊர். அந்த ஊர்ப் பெயரில் வரும் வைனுக்கு ஷார்டொனேயைத் தவிர வேறு திராட்சை சேர்க்கக்கூடாது. இதே திராட்சையை வெயில் காயும் நாட்டில் நட்டால் சீக்கிரம் பழுத்து, சர்க்கரை ஏறி, புளிப்பு இறங்கிப்போகும். சாப்லிக் குளிரில் பழம் ஆற அமரப் பழுக்கும். புளிப்பு அப்படியே நிற்கும். எலுமிச்சை, பச்சை ஆப்பிள் என்று ருசி பார்ப்பவர்கள் சொல்வதெல்லாம் அந்தப் புளிப்பின் தயவு.

இனி நம் மலைக்கு வா. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரம். ஆண்டுச் சராசரி வெப்பநிலை சுமார் 16 பாகை. தேயிலை வியாபாரத்தில் 1,200 மீட்டருக்கு மேல் விளைவது மேல்நாட்டுத் தேயிலை, 600 மீட்டருக்குக் கீழே விளைவது கீழ்நாட்டுத் தேயிலை. காலி, மாத்தறைப் பக்கத்துச் சூட்டில் கொழுந்து மளமளவென்று வரும். சாயம் கறுப்பாக, கனமாக இறங்கும். இங்கே அரும்பு விரியவே நாளாகும். விளைச்சல் குறைவு, மணம் கூடுதல்.

ஆனால் குளிர் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். மார்கழி, தை மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்று மழையை ஊவாப் பக்கத்துச் சரிவுகளில் கொட்டிவிடும். மலைமுகட்டைத் தாண்டி ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவைப் பக்கம் இறங்கும்போது அதில் ஈரம் இருக்காது. பகலில் பளீரென்ற வெயில், இரவில் உடம்பைத் துளைக்கும் குளிர், நடுவே இந்த வறண்ட காற்று. செடி தவித்துப்போகிறது. தவிக்கும் செடியின் கொழுந்தில்தான் லினலூல் போன்ற மணப்பொருள்கள் தூக்கலாக இருக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை இந்தப் பக்கத்துத் திம்புளைத் தேயிலைக்கு நல்ல காலம் என்பது இதனால்தான். ஜூலை முதல் செப்டெம்பர் வரை எல்லாம் மறுபக்கம் திரும்பும்: தென்மேற்குக் காற்று நம் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, பதுளை, பண்டாரவளைப் பக்கம் வறண்டு வீசும்; அப்போது ஊவாத் தேயிலைக்கு யோகம்.

நம் பக்கத்து வறண்ட மாதங்களில் ஸ்டோரின் மேல்மாடிக்கு ஏறினாலே தெரியும். வாட்டுகிற தட்டுகளில் பரப்பிய கொழுந்தை ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துவிட்டுக் கையைத் திறந்தால், மழைக்காலத்து இலை சட்டென்று விரிந்துகொள்ளும். வறண்ட காலத்து இலை பிடித்த பிடியிலேயே கிடந்து மெல்லப் பிரியும். முகர்ந்தால் பச்சை வாடை போய்ப் பூ வாசனை எட்டிப்பார்க்கும். ரோலரில் போட எது பதம் என்பதைக் கையும் மூக்கும்தான் சொல்ல வேண்டும். வைனில் ஈஸ்ட் செய்கிற வேலையை இங்கே இலைக்குள் இருக்கும் நொதிகள் காற்றோடு சேர்ந்து செய்கின்றன. நுவரெலியாவில் கொழுந்தை நன்றாக வாட்டி, காற்றுப்பட விடும் நேரத்தைக் குறைத்துக்கொள்வார்கள். அதனால்தான் அந்தத் தேநீர் வெளிர் பொன்னிறம். நிறத்தைப் பார்த்து 'சாயம் பத்தாது' என்று ஒதுக்குகிறவர்களை நம் ஆட்களிலேயே பார்த்திருக்கிறேன். எனக்கு மனசு பொறுக்காது.

மணம் கூடும் இந்த மாதங்களில்தான் கொழுந்து குறையும். கூடை நிறைய நேரமாகும், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு முள் ஏறாது. கொழும்பு ஏலத்தில் கிலோவுக்கு நல்ல விலை போகும் தேயிலையைப் பறித்தவளுக்கு அன்றைக்குக் கிலோக் கணக்கு நெருக்கடி. உன் அம்மாவிடம் கேட்டுப்பார், கதை கதையாகச் சொல்வாள். ருசியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேச வேண்டும் என்பது என் எண்ணம்.

பனியும் இரண்டு ஊருக்கும் பொது. சாப்லியில் இளவேனிலில் துளிர் விடும் நேரம் உறைபனி விழும். விடிய விடியத் தோட்டத்தில் தீ மூட்டி வைப்பார்கள், அல்லது துளிர்மேல் தண்ணீர் தெளித்து மெல்லிய பனிக்கட்டி உறை போடுவார்கள். தண்ணீர் உறையும்போது வெளிவிடும் வெப்பம் துளிரைக் காக்கும். அப்படியும் 2021 ஏப்ரலில் பெருஞ்சேதம். நுவரெலியாப் பக்கம் தை, மாசி விடியலில் பள்ளத்துச் செடிகள் வெள்ளையாய்ப் பூத்து நிற்கும். வெயில் ஏறியதும் கொழுந்து கருகிவிடும். குளிர்ந்த காற்று கனமாகிப் பள்ளத்தில் தேங்குவதால், மேட்டுச் செடி தப்பும்.

இவ்வளவு ஒற்றுமை இருந்தும் இங்கே ஏன் ஷார்டொனே இல்லை என்று நீ கேட்பாய். அந்தக் கொடிக்குக் குளிர்காலத்தில் நீண்ட தூக்கம் வேண்டும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்கு அப்படிப்பட்ட குளிர்காலம் கிடையாது. தேயிலைச் செடியோ இங்கே தூங்குவதே இல்லை, வருஷம் முழுக்கப் பறிக்கலாம். சாப்லிக்காரருக்கு வருஷத்துக்கு ஓர் அறுவடை, ஒரு ருசி. நமக்கோ அதே மலை பெப்ரவரியில் ஒன்று தரும், ஜூனில் வேறொன்று தரும்.

சாப்லிக்காரர்கள் வைன் போத்தலில் நிலத்தின் பெயரையும் வருஷத்தையும் எழுதி விற்கிறார்கள். 1883இல் தொடங்கிய கொழும்பு ஏலத்தில் நம் தேயிலையும் தோட்டப் பெயரோடுதான் விலை போகிறது. ஆனால் வாங்கியவர்கள் கலந்து பொதி கட்டும்போது பெரும்பாலும் அந்தப் பெயர் காணாமல் போகிறது. பொதியில் இருக்கும் சிங்க முத்திரை, அது முழுக்க இலங்கைத் தேயிலை, இங்கேயே பொதி செய்தது என்பதற்கு மட்டும் உறுதி. எந்த மலை என்று அது சொல்லாது. மாவட்டப் பெயரும் தோட்டப் பெயரும் தனியே போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கு.

அடுத்த சம்பளத்தில் நுவரெலியா, திம்புளை, கீழ்நாட்டு றுகுணு என்று மூன்று சின்னப் பொதிகள் வாங்கிக்கொள். சர்வதேச அளவுப்படி 100 மில்லிலீட்டர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம் மூடி வை. அது ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான முறை. குடிப்பதற்கு நுவரெலியாத் தேயிலை 3 நிமிடம் ஊறினால் போதும். பாலும் சீனியும் வேண்டாம். முதலில் ஊறிய இலையை முகர்ந்து பார். பிறகு கரண்டியில் எடுத்துச் சத்தம் வர உறிஞ்சு. வெட்கப்படாதே, மணம் மூக்கின் பின்பக்கம் ஏற அதுதான் வழி. நாக்கின் ஓரத்தில் சுள்ளென்று பிடிக்கிறதா, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று மூன்றுக்கும் உன் வார்த்தையிலேயே குறித்து வை. புத்தகத்து வார்த்தை வேண்டாம். கொய்யாப்பூ வாசனை என்று பட்டால் அதையே எழுது. எழுதி அனுப்பு, நான் இங்கே திம்புளைத் தேயிலையை ஊறவைத்து உன் குறிப்போடு ஒத்துப்பார்க்கிறேன்.

அன்புடன்,
மாமா