நீரும் சிறுநீரகக் கல்லும்

காவிரிக் கரையில் உள்ளது எங்கள் மோகனூர். ஆறு ஓடும் ஊரிலும் போதிய நீர் குடியாதவர் பலர் உளர். சிறுநீரகக் கல்லைப் பற்றி எழுதப் புகுந்த எனக்கு இதுவே முதலில் வியப்பளித்தது.

கல் எப்படி உண்டாகிறது? வேதியியல் ஆய்வகத்தில் தெவிட்டிய கரைசலில் படிகம் உண்டாவதை நாம் பார்த்திருக்கிறோம். உடலுக்குள்ளும் அதுவே நிகழ்கிறது. சிறுநீரில் கால்சியம், ஆக்சலேட், யூரிக் அமிலம் முதலியன கரைந்துள்ளன. நீர் குறைந்தால் கரைசல் செறிவடைகிறது. படிகம் தோன்றி வளர்கிறது. கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட்டால் ஆனவை. அது சிறுநீர்க் குழாயில் சிக்கும்போது விலாவிலிருந்து அடிவயிறு வரை பரவும் வலியைப் பட்டவரே அறிவர்.

இத்தாலியில் போர்கி என்பாரும் குழுவினரும், முதன்முறை கல் வந்த 199 பேரை 5 ஆண்டுகள் கவனித்து, 1996இல் முடிவை வெளியிட்டனர். மிகுதியாக நீர் குடித்த 99 பேரில் 12 பேருக்கே மீண்டும் கல் வந்தது. வழக்கம்போல் இருந்த 100 பேரில் 27 பேருக்கு வந்தது. நாளொன்றுக்கு இரண்டு முதல் இரண்டரை லிட்டர் சிறுநீர் கழியுமாறு குடிக்க வேண்டும் என்பர் மருத்துவர். சித்திரை வெயிலில் வியர்வையாய்ப் போவதையும் சேர்த்துக் கொண்டால் மூன்று லிட்டருக்கு மேலும் வேண்டியிருக்கும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கிறதா என்று பார்த்துக் கொள்வது எளிய வழி.

எங்கள் பக்கத்தில் வாழைத்தண்டுச் சாறு கல்லைக் கரைக்கும் என்பார்கள். கால்சியம் ஆக்சலேட் கல் அவ்வாறு கரைவதில்லை. ஆயினும் சாறென்று சொல்லியாவது ஒரு டம்ளர் நீர் உள்ளே போகிறதே! பாலை நிறுத்துவதும் தவறு. உணவிலுள்ள கால்சியம் ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்து வைக்கும். குறைக்க வேண்டியது உப்பையே.

இவ்வளவும் தெரிந்தவர்களும் ஏன் குடிப்பதில்லை? கரும்பு வெட்டப் போகும் என் அத்தையிடம் கேட்டேன். “தண்ணி குடிச்சா அப்பறம் ஒதுங்கறதுக்கு எங்க போறது கண்ணு?” என்றார். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபாலும் குழுவினரும், வெப்பத்தில் வேலை செய்யும் பெண்களைப் பற்றி 2016இல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொல்கிறது. கழிப்பறை இல்லாத இடங்களில் பெண்கள் வேண்டுமென்றே நீரைக் குறைத்துக் கொள்கின்றனர்.

வயற்காடு வரை போவானேன்? காலைப் பேருந்தில் ஏறும் தோழியர் சிலர் மாலையில் வீடு திரும்பும் வரை ஒரு மிடறும் குடிப்பதில்லை. காரணம் கேட்டால் சிரித்து மழுப்புவர். அவர்களிடம் நீரின் பெருமையைப் பேசிப் பயனில்லை. தாழ்ப்பாள் உள்ள கதவும் குழாயில் நீரும் இருந்தால் அவர்களே குடிப்பார்கள். கேரளப் பள்ளிகளில் 2019இலும், தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 2025இலும் நீர் குடிக்கவென்றே மணி அடிக்கத் தொடங்கினர். நல்ல ஏற்பாடுதான்; மணி அடித்தபின் மாணவி எங்கே போவாள் என்பதையும் உடன் எண்ண வேண்டும்.

ஒன்று மட்டும்: சிறுநீரகம் செயலிழந்தவர்களும் இதய நோயாளிகளும் மருத்துவர் சொன்ன அளவே குடிக்க வேண்டும். விலா வலியோடு காய்ச்சலும் கண்டால் சாறு தேடாமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்க.