சுருளாய் ஏறும் காப்பி இல்லம்

திருவனந்தபுரம் தம்பானூரில், தொடர்வண்டி நிலையத்திற்கும் பேருந்து நிலையத்திற்கும் அருகே, செங்காவி நிறத்தில் உருளை வடிவக் கட்டடம் ஒன்று நிற்கிறது. நாகர்கோவிலிலிருந்து பேருந்தில் வந்திறங்குவோர் அதனைப் பழைய காவற்கோபுரம் என்றே எண்ணக்கூடும். சுவரின் சிறு சிறு துளைகள் வழியே காப்பியின் மணம் வந்த பின்னரே உண்மை விளங்கும். அது இந்தியன் காப்பி ஹவுஸ். அதனை வடிவமைத்தவர், இங்கிலாந்தில் பிறந்து இந்தியக் குடியுரிமை பெற்ற கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917–2007).

உள்ளே நுழைபவரின் கண் மாடிப்படியைத் தேடும். படிக்கட்டும் இல்லை, மாடி எனத் தனியே ஒன்றும் இல்லை. தரையே சாய்தளமாகி, நடுவிலுள்ள உருளையைச் சுற்றிச் சுருண்டு மேலேறுகிறது. வெளிச்சுவரை ஒட்டி மேசைகளும் இருக்கைகளும் கட்டுமானத்தின் பகுதியாகவே அமைந்துள்ளன. சாய்ந்த தரையில் குவளை நிற்குமா என்னும் ஐயம் எழுவது இயல்பு. நடக்கும் பாதை மட்டுமே சாய்ந்தது. அமரும் இடங்கள் சமதளமாக, ஒன்றைவிட ஒன்று சற்றே உயர்ந்து செல்கின்றன.

இவ்வடிவம் வியப்பூட்டுவதற்காக மட்டும் எழுந்ததன்று. 40 மீட்டர் நீளச் சுவரைச் சதுரமாக எழுப்பினால் 100 சதுர மீட்டர் இடம் கிடைக்கும். அதே சுவரை வட்டமாக வளைத்தால் ஏறத்தாழ 127 சதுர மீட்டர் கிடைக்கும். செங்கல் குறையும், செலவும் குறையும். துளைச் சுவரும் அத்தகையதே. செங்கற்களுக்கு இடையே இடைவெளி விட்டுக் கட்டினால் மரச்சட்டமும் கண்ணாடியும் வேண்டா. காற்று தடையின்றி உலவும். கடுவெயிலும் சிறு சிறு ஒளித்துண்டுகளாகச் சிதறி மேசைமேல் விழும். அருகில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே வீடு கட்ட வேண்டும் என்னும் காந்தியடிகளின் கருத்து பேக்கரின் உள்ளத்தில் ஆழப் பதிந்திருந்தது. இமயமலைப் பகுதியில் பல்லாண்டுகள் வாழ்ந்தபோது, எளிய மக்கள் கட்டிய வீடுகளிலிருந்தும் அவர் பாடம் கற்றார்.

இக்கட்டடத்தில் குடியேறிய நிறுவனத்தின் வரலாறு இன்னும் சுவையானது. காப்பியின் விற்பனையைப் பெருக்கும் நோக்குடன் 1936இல் பம்பாயில் முதல் காப்பி இல்லம் திறக்கப்பட்டது. பின்னர் நாட்டின் பல நகரங்களுக்கும் அது பரவியது. 1950களில் காப்பி வாரியம் இவ்வில்லங்களை மூட முற்பட்டபோது, பணியாளர்கள் வேலையிழந்து தெருவில் நிற்கும் நிலை உருவாயிற்று. பொதுவுடைமை இயக்கத் தலைவர் ஏ.கே. கோபாலன் அவர்களுக்குத் துணைநின்றார். மூடப்பட்ட இல்லங்களைத் தொழிலாளர்களே ஏற்று நடத்துவது என முடிவாயிற்று. 1957இல் பெங்களூரில் அவர்களது கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. அடுத்த ஆண்டே திருச்சூரில் கேரளத்தின் முதல் இல்லம் திறக்கப்பட்டது. விசிறி மடிப்புத் தலைப்பாகையும் வெண்ணிற உடையும் அணிந்து குவளையை ஏந்தி வருபவர் வெறும் ஊழியர் அல்லர். சங்கத்தின் பங்காளரும் ஆவார்.

உணவகங்கள் பலவற்றில் கீழ்த்தளத்திற்கு ஒரு விலையும், மாடியிலுள்ள குளிரூட்டிய அறைக்கு ஒரு விலையும் உண்டு. தம்பானூரில் அவ்வாறு பிரிக்கத் தளமே இல்லை. சுமை தூக்குபவரும் வழக்கறிஞரும் கல்லூரி மாணவரும் ஒரே சரிவில் முன்னும் பின்னுமாக அமர்கின்றனர். உழைப்பவர்க்கே உரிமையான நிறுவனத்திற்கு இதனினும் பொருத்தமான கட்டடம் அமைவது அரிது.

எனினும், இச்சரிவு பணியாளரின் கால்களுக்கு இரக்கம் காட்டுவதன்று. பீட்ரூட் கலந்த மசாலா தோசையையும் கட்லெட்டையும் ஏந்தி, நாள்தோறும் எத்தனையோ முறை அவர்கள் ஏறியிறங்குகின்றனர். மேல்வளையத்தில் அமர்ந்தவரை நாடிக் காப்பி வந்துசேரச் சற்று நேரம் பிடிக்கும். வண்டிக்கு நேரமிருப்பவர்களோ அதனைப் பொருட்படுத்துவதில்லை. துளைகளின் வழியே கீழே நகரும் பேருந்துகளைப் பார்த்தவாறு காத்திருக்கின்றனர்.